மைனஸ் ஐம்பத்தெட்டுப் பேர்

பிப்ரவரி 4, 2025. செவ்வாய்.

இன்று ஏழாவது முறை. விடுதி வாசலில் புதிதாக வந்திருக்கும் காவலர் அம்மா என்னை நிறுத்தி அட்டையை வாங்கினார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் தோள் வரைக்கும் முடி. இப்போது காதுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. "இதி நுவ்வேனா?" என்றார். இது நீதானா என்று கேட்கிறார். நல்ல கேள்விதான். எனக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு.

முதல் முறை நிறுத்தியபோது அழுகை வந்தது. மூன்றாவது முறை கோபம். இப்போது எண்ணத் தொடங்கிவிட்டேன். எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன சட்டை. கட்டம் போட்ட சட்டை என்றால் கட்டாயம் நிறுத்துகிறார். புள்ளியியல் படிக்கிறவனுக்கு வேறு என்ன தெரியும்?

இந்த நோட்டுக்குள் மட்டும் என் பெயர் ரயான். நோட்டுக்கு வெளியே எவாஞ்சலின், எம்.எஸ்சி. முதலாமாண்டு, பெண்கள் விடுதி, அறை 118. ஜூலையில் அறைகளை மறுபடி ஒதுக்குவார்கள். இங்கே இன்னொரு வருடம் என்னால் முடியாது. நாலே முக்காலுக்கு எழுந்து, வேறு யாரும் வருவதற்குள் குளித்துவிட்டு ஓடி வருகிற பிழைப்பு போதும். ஆண்கள் விடுதிக்குப் போகக் காகிதமும் இல்லை, தைரியமும் இல்லை. வீட்டுக்குப் போனால் கல்யாணம். எங்கே போவேன்? தெரியவில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் கட்டம் போட்டுப் பார்க்க இன்னும் தோன்றவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு.

கோயிலில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு, காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ். மம்மி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கைக்குடி, ஏன்டி இவ்ளோ கட்டையா வெட்டிக்கிட்டே? ரெண்டு மாசத்துல வளர்த்துரு. மாரேட்பள்ளியில இருந்து ஒரு சம்பந்தம் வருது, பையன் பேங்க்ல இருக்கான்."

"நக்கோ மம்மி, வேண்டாம்."

"என்ன நக்கோ? நான் கேட்டனா உன்ன?"

டாடி எதிலும் கலந்துகொள்ளவில்லை. தொழிற்சாலையில் அவர் ஆய்வுப் பிரிவு. வந்த உதிரிபாகத்தை அளந்து, சரி அல்லது தள்ளுபடி என்று சீட்டுக் கட்டுவது வேலை. இன்று ஏதோ ஓய்வூதியப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். 'பொருந்தாததை அடிக்கவும்' என்று வரும் இடத்திலெல்லாம் ஸ்கேல் வைத்து நேர்கோடு போடுவார். ஆர்தர் சாரிடமிருந்து, அதாவது தன்னிடமிருந்து, வந்த படிவம் திரும்பி வந்ததாக முப்பது வருடத்தில் சரித்திரம் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

பிப்ரவரி 12, புதன்.

என் அறைத்தோழி சுபாஸ்ரீ திருச்சிக்காரி. ஒரு வேலையை எடுத்தால் அக்கம்பக்கத்தில் யாரையும் சும்மா இருக்க விடமாட்டாள். இப்போது எடுத்திருக்கும் வேலை, திருநங்கை, திருநம்பி மாணவர்களுக்கு வளாகத்தில் பாதுகாப்பான அறை. குழுவில் எட்டுப் பேர். நானும் ஒருவன். "நீ கணக்குல புலி, நீ வா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

கூட்டம் வேடிக்கையாக இருந்தது. ஒரு மணி நேரம் 'அவங்க' எங்கே குளிப்பாங்க, 'அவங்களுக்கு' என்ன வேணும் என்று பேசினார்கள். எல்லாம் நல்ல மனசோடுதான். கடைசியில் சுபா, "அவங்கள்ல யாராவது ஒருத்தர் நம்ம கூட்டத்துக்கு வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!" என்று பெருமூச்சு விட்டாள். நான் வெங்காய சமோசாத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

பிறகு ஒரு மனு எழுதிக்கொண்டு எல்லோருமாகத் தலைமை வார்டன் வேதவல்லி மேடத்திடம் போனோம். இயற்பியல் பேராசிரியர், கும்பகோணத்துத் தமிழ், கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார். மனுவை முழுக்கப் படித்தார்.

"நியாயமாத்தான் எழுதியிருக்கேள். ஆனா எத்தனை பேருக்கு வேணும்? பத்து பேருக்கா, ஒருத்தருக்கா? மேல கேப்பாளே, நான் என்ன சொல்றது?"

"அது… யாரும் வெளியில சொல்ல மாட்டாங்க மேடம்" என்றாள் சுபா.

"பேர் வேண்டாம்மா. பேர் கேக்கறது தப்பு. எனக்கு நம்பர் மட்டும் கொண்டு வாங்கோ."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இத்தனை நாளில் பெயர் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள்.

பிப்ரவரி 13, வியாழன்.

வழி இருக்கிறது! போன செமஸ்டர் பாடத்திலேயே இருக்கிறது!

ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதில் ஒரே கேள்வி: பிறந்தபோது எழுதிய பாலினமும் உங்கள் பாலினமும் வேறா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பதில் சொல்லும் முன் தனியாக ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆம்' கட்டத்தில் டிக் போட வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு சீட்டில் 'ஆம்' என்று இருந்தால் அது ஆளா நாணயமா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் மொத்தத்தில் பாதி தலை விழும். பாதிக்கு மேல் வருகிற 'ஆம்' எல்லாம் பூ விழுந்த பாதிப் பேர் சொன்ன உண்மை; அதை இரண்டால் பெருக்கினால் நமக்கு வேண்டிய எண்ணிக்கை.

சாய்குமாரிடம் சொன்னேன். என் வகுப்பு, ஹப்சிகுடா பையன், எதையும் ஒரு நொடியில் புரிந்துகொள்வான். "ஹவ்ரே, பொம்மா பொருசா!" என்று கையில் இல்லாத நாணயத்தைச் சுண்டினான். எங்கள் பூவா தலையாவுக்குத் தெலுங்கில் அதுதான் பெயர்.

இவ்வளவு அரிதான விஷயத்துக்குச் சில ஆயிரம் பேராவது வேண்டும் என்றும் அதே பாடத்தில் இருக்கிறது. தெரியும். இரண்டு விடுதியும் சேர்த்துக் கிட்டத்தட்ட அறுநூறு பேர்தான். இருப்பதை வைத்துத்தானே பார்க்க முடியும்?

மார்ச் 3, திங்கள்.

அறை அறையாகச் சீட்டு. ஆண்கள் விடுதிக்கு சாய், இங்கே நானும் சுபாவும். ஒவ்வொரு கதவிலும் விதியை நான்தான் விளக்கினேன். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, "கிரிக்கெட்டா?" என்றாள். இன்னொருத்தி ஒன்றும் கேட்காமல் சீட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ரொம்ப நேரம் திறக்கவில்லை. யார், என்ன என்று ஆயிரம் யோசனை வந்தது. கடைசியில் நாணயம் தேடிக்கொண்டிருந்தாளாம். இப்போதெல்லாம் யாரிடமும் சில்லறை இல்லை.

வேதவல்லி மேடம் வளாகத்திலேயே வார்டன் குவார்ட்டர்ஸில் இருப்பதால் அவருக்கும் ஒரு சீட்டு கொடுத்தோம். "நானுமா?" என்றார். "விதின்னா எல்லாருக்கும்தானே மேடம்" என்றாள் சுபா. சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே போனவர், வெளியே வந்தபோது சிரிக்கவில்லை. சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டார்.

எனக்கும் ஒரு சீட்டு உண்டு. சுபா சாப்பிடப் போன பிறகு சுண்டினேன். தலை.

மற்றதை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்.

எழுத மனமில்லை.

மார்ச் 8, சனி.

அறுநூறு சீட்டுகள். மூன்று முறை எண்ணினோம். முன்னூறுக்கு மேல் எத்தனை 'ஆம்' என்றுதான் போட்டி. சாய் முப்பது என்றான். சுபா பன்னிரண்டு. நான் நாலு.

வந்தது இருநூற்று எழுபத்தொன்று.

முன்னூறுக்கு இருபத்தொன்பது குறைவு. இரண்டால் பெருக்கினால் மைனஸ் ஐம்பத்தெட்டு. எங்கள் வளாகத்தில் பாலினம் மாறியவர்கள் மைனஸ் ஐம்பத்தெட்டுப் பேர்.

சாய் தரையில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். நான் ஒருவன் இருக்கிறேனே, அப்படியானால் மற்றவர்கள் மைனஸ் ஐம்பத்தொன்பதா என்று கணக்குப் போட்டு இன்னும் சிரித்தேன். அப்புறம்தான் சுபாவைப் பார்த்தோம். அவள் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். "புதன்கிழமை மேடம்கிட்ட போகணும். நம்பர் கேட்டாங்க. இதையா கொடுக்கறது? யாருமே இல்லைன்னு நம்மளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. யாருமே இல்லை என்றால் அறையும் இல்லை. ஜூலையில் மறுபடி 118. மறுபடி நாலே முக்கால்.

மார்ச் 9, ஞாயிறு.

பிரசங்கம் முழுக்கக் கணக்குப் போட்டேன். மம்மி நான் குறிப்பெடுப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

அறுநூறு முறை சுண்டினால் தலை முன்னூறுக்குப் பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய வரலாம். அது சகஜம். இருபத்தொன்பது குறைவது? வெறும் அதிர்ஷ்டத்தால் என்றால் நூறில் ஒரு வாய்ப்பு. எங்கேயோ தலை விழுந்தும் 'ஆம்' விழாமல் போயிருக்கிறது. எங்கே? யாரிடம்? விதி புரியவில்லையா? ஒவ்வொரு கதவிலும் நானே விளக்கினேனே?

ஏன் சுற்றி வளைக்கிறேன்? எங்கே என்று எனக்குத் தெரியாதா?

சரி. எழுதிவிடுகிறேன். எனக்குத் தலை விழுந்தது. 'ஆம்' போட்டிருக்க வேண்டும். விதியை எழுதினதே நான்தான். அறையில் யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது, சீட்டில் பெயர் கிடையாது. பேனா 'ஆம்' கட்டத்துக்கு மேல போய் நின்னுது. நின்னுக்கிட்டே இருந்தது. சட்டுனு 'இல்லை'ல டிக் அடிச்சு மடிச்சுட்டேன். ஏன்? என்ன பயம்? உண்மையைச் சொல்லுன்னுகூட யாரும் கேக்கல. பொய்யா ஒரு 'ஆம்' சொல்லுன்னுதான் காசு சொல்லுச்சு. எனக்கு அது பொய்கூட இல்லையே!

வெட்கமாக இருக்கிறது. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் தூங்க விடவில்லை. நான் மட்டும் செய்திருந்தால் ஒன்றுதானே குறைந்திருக்கும்? மற்ற இருபத்தெட்டுப் பேர் யார்?

மார்ச் 12, புதன்.

வேதவல்லி மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"மைனஸ் ஐம்பத்தெட்டுப் பேருக்கு எத்தனை ரூம்மா ஒதுக்கறது?"

சுபா தலையைக் குனிந்துகொண்டாள். சாய் ஜன்னலைப் பார்த்தான். நான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொல்லத் தொடங்கினேன். பிழையின் அளவு, நூறில் ஒன்று, விதியை மீறியவர்களின் விகிதம். குரல் எனக்கே எங்கேயோ தூரத்தில் கேட்டது. "பயத்துனாலதான் குறைஞ்சிருக்கு மேடம். தலை விழுந்தும் 'ஆம்' போடப் பயந்திருக்காங்க. பேர் இல்லாத சீட்டுலகூட."

"பயம்னு எப்படிச் சொல்றே? சோம்பேறித்தனமா இருக்கலாம். விளையாட்டா இருக்கலாம். டேட்டா எங்க?"

சரியான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"எனக்குத் தலை விழுந்தது மேடம். நான் 'இல்லை'ன்னு போட்டேன்."

சுபா நிமிர்ந்து பார்த்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. மேடம் ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கவில்லை.

அவர் கேட்கவில்லை. தாளை மேசைமேல் வைத்து, மேலே பேப்பர்வெயிட்டை வைத்து, அதை நகர்த்தி நகர்த்திச் சரி பார்த்தார்.

"எனக்கும் தலைதான் விழுந்தது" என்றார்.

சாய் ஜன்னலிலிருந்து திரும்பினான்.

"அம்பத்தாறு வயசு எனக்கு. நான் யாருன்னு ஊருக்கே தெரியும். எனக்கு என்ன பயம்? ஆனா 'ஆம்' போட கை வரலை. எடுத்த சீட்டை வெச்சுண்டு அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தேன். அப்புறம் 'இல்லை'ன்னு போட்டுட்டேன். யாராவது பிரிச்சுப் பாத்து இது வார்டன் போட்டதுன்னு சொல்லிடுவாளோன்னு. என்ன அசட்டுத்தனம்!" கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லாத எனக்கே இப்படின்னா…"

மனுவை எடுத்து மேசையில் இருந்த மற்ற கோப்புகளுக்கு மேல் வைத்தார். "எத்தனை பேர்னு இனி கேக்க மாட்டேன். இதையே எழுதி மேல அனுப்பறேன். மைனஸையும் சேத்து."

மார்ச் 13, வியாழன்.

சுபா நேற்று முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒரு நாள் சும்மா இருந்தாள் என்பதே செய்திதான். இன்று மாலை துணி மடித்துக்கொண்டே, "எனக்கும் தலைதான் விழுந்துச்சு. 'ஆம்' போட்டேன். ஒரு செகண்ட்கூட யோசிக்கல. அதுதான் வித்தியாசம்னு இப்பத்தான் புரியுது" என்றாள்.

நான் ஒரு சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நீ எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"இன்னிக்கு வேண்டாம்."

"சரி." இரண்டு சட்டையை மடித்தாள். "அன்னிக்கு சமோசாத் தட்டைத் தள்ளினியே… ஐயோ, என்னென்ன பேசித் தொலைச்சேன்!" என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். இருவரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது. சொல்லவே இல்லை, ஆனால் சொல்லியாகிவிட்டது. இது என்ன கணக்கு?

ஏப்ரல் 7, திங்கள்.

ஆணை வந்துவிட்டது! ஆராய்ச்சி மாணவர் கட்டடத்தின் மூன்றாவது மாடி, பதினாலு அறை, ஒரு வருடச் சோதனை. யாரும் விண்ணப்பிக்கலாம். ஆணா பெண்ணா என்று பார்க்கமாட்டார்கள். காரணம் எழுதக் கட்டமே இல்லை. குளியலறைக் கதவு தரை வரைக்கும், உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாளை சுபா மனுவில் மூன்று முறை எழுதியிருந்தாள்.

படிவத்தைப் புரட்டிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கம் மட்டும் எல்லா விடுதிக்கும் உள்ள பழைய பக்கம். பெற்றோர் ஒப்புதல். 'என் மகன் / மகள் மேற்கண்ட விடுதியில் தங்கச் சம்மதிக்கிறேன். பொருந்தாததை அடிக்கவும்.'

இரண்டு மாதம் போராடினோம், எட்டுப் பேரில் ஒருவருக்கும் இந்தப் பக்கம் கண்ணில் படவில்லை. சுபா தலையில் அடித்துக்கொண்டாள். நான் டாடியின் ஸ்கேலை நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு.

மம்மி சமையலறையில். மேசைமேல் கோயிலில் கொடுத்த குருத்தோலை. டாடி படிவத்தை முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தார்.

"இந்த ஃப்ளோர்ல யாரெல்லாம் இருப்பாங்க?"

"யார் வேணா டாடி."

"ஹூம்." ஒரு பக்கம் திருப்பினார். "போன மாசம் சொன்னியே, அந்தக் காசு சர்வே என்ன ஆச்சு?"

சொன்னேன். மைனஸ் ஐம்பத்தெட்டு என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். அளவு தப்பாக வருவது அவருக்குத் தாங்காது. "அளவு அப்படி வந்தா முதல்ல அளக்கற கேஜைத்தான் சந்தேகப்படணும். கேஜ் சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்தது. தலை விழுந்தவங்க சில பேர் பயந்துட்டு 'இல்லை'ன்னு போட்டுட்டாங்க."

"உனக்கு என்ன விழுந்துச்சு?"

"தலை."

"என்ன போட்டே?"

"'இல்லை'ன்னு."

டாடி என்னைப் பார்த்தார். முடியை, சட்டையை, மறுபடி முகத்தை. வாசல் காவலர் அம்மா பார்க்கிற மாதிரி இல்லை. அவர் எதையும் ஒப்பிடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

இழுப்பறையைத் திறந்து ஸ்கேலை எடுத்தார். 'மகன் / மகள்' வரிக்குக் கீழே வைத்தார். பேனாவைத் திறந்தார். ஸ்கேல் மகன் மேல் போனது, பிறகு மகள் மேல், பிறகு நடுவில் இருக்கும் கோட்டுக்கு. சமையலறையில் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

ஸ்கேலை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். எதையும் அடிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தாளை ஊதி என்னிடம் கொடுத்தார்.

"டாடி, இது…"

"வச்சுக்கோ. மாரேட்பள்ளிக்கு நான் போன் பண்ணி, சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிடறேன். மம்மிகிட்டயும் நானே பேசிக்கிறேன், நீ இப்ப ஒண்ணும் பேசாதே." எழுந்து போனவர் கதவருகே திரும்பினார். "சாப்பிட வா."

ஏப்ரல் 16, புதன்.

விடுதி அலுவலகத்தில் நீள வரிசை. எனக்கு முன்னால் நாலு பேர், பின்னால் ஒன்பது பேர். அத்தனை பேரும் மூன்றாவது மாடிக்குத்தான். சாய்கூட நின்றான். யாருக்கு ஏன் வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

படிவம் வாங்குகிற கிளார்க் உஷா மேடம் என் படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டி, விரலால் தட்டித் திருப்பிக் கொடுத்தார். "ஒகட்டி கொட்டேயம்மா." ஒன்றை அடிக்கணுமாம். ஆர்தர் சாரின் படிவம் முப்பது வருடத்தில் முதல் முறையாகத் திரும்பி வந்துவிட்டது.

மேசையோடு நூல் கட்டிய பேனாவை எடுத்தேன்.

"ஸ்கேல் இருக்கா மேடம்?"

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். வைத்தேன். மகள் என்ற சொல்லின் மேல் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒரே கோடு. பேனா எங்கேயும் நிற்கவில்லை.

உஷா மேடம் முத்திரையைக் குத்தி, அறை 309 என்று எழுதினார்.

"நெக்ஸ்ட்" என்றார்.